மகளின் பெயரைப் படிவத்தில் விட்டுவிடலாமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

“எனக்கு வயது 34. 2015 இல் கனடா வந்து அகதிக் கோரிக்கை வைத்தேன். அது ஏற்கப்பட்டு 2019 இல் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. சோதனைக்குப் பயந்து குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. 2023 இல் திருச்சியில் ஒரு கோவிலில் திருமணம் செய்து அங்கேயே பதிவும் செய்தோம். மனைவி கோப்பாயில் இருக்கிறார். அவருக்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணம் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்தில் முடிந்தது. 8 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மகளைப் படிவத்தில் காட்டினால் முதல் கணவரின் சம்மதம், நீதிமன்றக் கட்டளை என்று இழுபடும், மனைவியைத் தனியே எடுத்துவிட்டுப் பிறகு மகளைக் கூப்பிடலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். அதற்கு 9,000 டொலர் கேட்கிறார். தை மாதம் ஊருக்குப் போய் மனைவியுடன் நின்று படங்கள் எடுத்து வந்தால் கேஸுக்கு உதவும் என்றும் சொன்னார். அம்மாவுக்கு 63 வயது. அப்பா 2009 இல் காணாமற்போனவர். தம்பிக்கு வரும் மார்கழியில் 22 வயதாகிறது. இவர்களையும் எடுக்க வேண்டும். எனக்குக் களஞ்சியம் ஒன்றில் வேலை. ஆண்டு வருமானம் 58,000 டொலர். எதை முதலில் செய்ய வேண்டும்?”

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்டவற்றில் சில காத்திருக்கலாம். ஒன்று காத்திருக்க முடியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மனைவியின் மகளைப் படிவத்தில் விட்டுவிடாதீர்கள். அவள் இப்போது வரப்போவதில்லை என்றாலும், பாட்டியுடன் கோப்பாயிலேயே வளரட்டும் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தாலும்கூட, அவளுடைய பெயர், பிறந்த தேதி, அவள் யாருடைய பிள்ளை என்ற விபரம் அனைத்தும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்; அவளும் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இதற்குக் காரணம் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் உள்ள 117(9)(டி) என்ற பிரிவு. ஒருவர் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அவருடைய கணவரோ மனைவியோ பிள்ளையோ அதிகாரிக்குத் தெரிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்டால், அவ்வாறு விடப்பட்டவரைப் பின்னாளில் குடும்ப வகுப்பில், அதாவது கனடாவில் இருப்பவர் தன் குடும்பத்தினரை ஸ்பொன்சர் செய்யும் பிரிவில், அழைக்க முடியாது என்று அது சொல்கிறது. விட்டதற்கு நல்ல காரணம் இருந்ததா, வேண்டுமென்றே விட்டதா, தெரியாமல் விட்டதா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த டி குஸ்மான் என்ற பெண், வந்திறங்கியபோது தனக்கு ஒரு மகள் மட்டுமே என்று கூறியிருந்தார். அவருக்கு இரண்டு மகன்களும் இருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த மகன்களை அவர் அழைக்க முயன்றபோது விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2005 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பிரிவு சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய மறுப்பில் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுகூட மனிதாபிமானக் காரணங்களைக் கருத்தில் எடுக்க முடியாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை குடும்ப வகுப்பைச் சேர்ந்தவரே அல்ல.

உங்கள் முகவர் சொல்லாத இன்னொரு விடயமும் உண்டு. அந்தச் சிறுமி உங்கள் மனைவியின் மகள். நீங்கள் அவளைப் பெற்றவரோ சட்டப்படி தத்தெடுத்தவரோ அல்ல. எனவே அவளை உங்கள் பிள்ளையாக நீங்கள் தனியே அழைக்க முடியாது. அவள் கனடா வருவதற்கு உள்ள நேரான வழி, தாயின் விண்ணப்பத்தில் தாயைச் சார்ந்த பிள்ளையாக வருவதுதான். அந்தக் கதவை நீங்களே பூட்டிவிட்டால், பிறகு தாயும் அவளை அழைக்க முடியாது, நீங்களும் அழைக்க முடியாது.

2019 செப்டம்பர் 9 முதல் இதற்கு ஒரு தற்காலிகச் சலுகைத் திட்டம் நடைமுறைக்கு வந்து, பின்னர் நீட்டிக்கப்பட்டதையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அகதிகளாக வந்தவர்களும் துணையாக அழைக்கப்பட்டவர்களும் அன்று சொல்லாமல் விட்ட குடும்பத்தினரை அழைக்க அது ஓரளவு இடம் கொடுக்கிறது. அகதி முகாமில் பயத்தில் பொய் சொன்னவருக்கும், பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாமல் வந்தவருக்கும் அது நியாயமான ஆறுதல். ஆனால் அமைச்சர் எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடக்கூடிய ஒரு சலுகையை நம்பி, கண்ணெதிரே பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளையை இன்று மறைப்பது வேறு. அப்படி மறைப்பது உண்மைக்குப் புறம்பான தகவல் தருவதாகும். கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் மனைவி 5 ஆண்டுகள் கனடாவுக்குள் வரத் தடை விதிக்கப்படும். வந்து குடியேறிய பிறகு வெளிப்பட்டால், பெற்ற வதிவுரிமையே கேள்விக்குள்ளாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என் மேசைக்கு எதிரே அமர்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு பாடசாலை அடையாள அட்டையை எடுத்து வைத்தார். மகன் 6 வயதில் இருந்தபோது எடுத்த படம் அது. அதே முகவர் வாசகம்தான் அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது: “பிறகு கூப்பிடலாம்.” மகனுக்கு அப்போது 15 வயது. விமான நிலையத்தில் மகன் தன் கையை விடவில்லை என்பதையே அந்தத் தாய் சொல்லிக்கொண்டிருந்தார்; தான் செய்த பிழை எதுவென்று அவருக்கு விளங்கவே இல்லை. அந்தக் கேஸை நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வந்தது.

முகவர் சொல்லும் சிக்கல் உண்மையானதுதான். ஆனால் அது தீர்க்கக்கூடிய சிக்கல். விவாகரத்துத் தீர்ப்பில் பிள்ளையின் பாதுகாவல் யாருக்கு என்று எழுதப்பட்டிருக்கும். தாய்க்கு முழுமையாக வழங்கப்பட்டிருந்தால் அந்தக் கட்டளையின் சான்றுபடுத்திய பிரதியும் மொழிபெயர்ப்பும் வேண்டும். இருவருக்கும் உரிமை இருப்பதாகவோ தந்தைக்குப் பார்க்கும் உரிமை இருப்பதாகவோ இருந்தால், உடன்வராத பெற்றோர் கையொப்பமிட வேண்டிய ஐஎம்எம் 5604 என்ற படிவத்தை அவர் சட்டத்தரணி அல்லது சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்டு, தன் அடையாள ஆவணத்தின் பிரதியோடு தர வேண்டும். அவர் மறுத்தாலோ இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, உங்கள் மனைவி யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி மூலம் அதே நீதிமன்றத்தை அணுகி, பிள்ளையை வெளிநாட்டில் குடியேற்ற அனுமதி கேட்கலாம். இதற்கு மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களைக் கொடுங்கள். கட்டளை வரும்வரை காத்திருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் இல்லை. வழக்குத் தாக்கல் செய்யப்பட்டதற்கான ஆவணத்துடன் விளக்கக் கடிதம் வைத்து விண்ணப்பித்து, கட்டளை கிடைத்ததும் சேர்க்கலாம்.

அடுத்தது உங்கள் தை மாதப் பயணம். இதையும் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள்.

நீங்கள் இலங்கைக்குத் திரும்பிப் போக முடியாது என்று சொல்லித்தான் கனடா உங்களுக்குப் பாதுகாப்பு வழங்கியது. அப்படிப் பாதுகாப்புப் பெற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ, அந்தக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போய் வந்தாலோ, அவர் மீண்டும் தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாக நாடிவிட்டார் என்று அமைச்சர் தரப்பு அகதிகள் பாதுகாப்புப் பிரிவில் மனுச் செய்ய முடியும். அந்த மனு வென்றால் முன்பெல்லாம் அகதி நிலை மட்டுமே போகும், வதிவுரிமை நிலைத்திருக்கும். 2012 டிசம்பர் 15 முதல் வதிவுரிமையும் சேர்ந்தே போகிறது. மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பும் இல்லை. திருமண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் என்று போய் வந்த எத்தனையோ பேர், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, விமான நிலையத்தில் கேட்ட ஒரு கேள்வியில் தொடங்கி இந்த வழக்கில் அகப்பட்டிருக்கிறார்கள். 2022 இல் கமாயோ வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், பயணம் செய்தவர் இதன் விளைவை அறிந்திருந்தாரா, எதற்காகப் போனார், என்ன முன்னெச்சரிக்கை எடுத்தார் என்பனவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொன்னது உண்மையில் ஒரு நிம்மதி. ஆனால் இந்தப் பதிலை வாசித்த பிறகு, விளைவு தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

உங்கள் வதிவுரிமை போனால் மனைவியின் கேஸும் அதோடு விழும், ஏனென்றால் குடியுரிமையோ வதிவுரிமையோ இல்லாதவர் யாரையும் ஸ்பொன்சர் செய்ய முடியாது. படம் எடுப்பதற்காக முழுக் குடும்பத்தின் எதிர்காலத்தையும் பந்தயம் வைக்கச் சொல்பவர், உங்கள் பழைய கோப்பை ஒருதரமும் திறந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இங்கே நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2023 இல் திருச்சிக்கு எந்த ஆவணத்தில் போனீர்கள்? கனடா வழங்கும் அகதிப் பயண ஆவணத்தில் போயிருந்தால் கவலை இல்லை. அது நீங்கள் தப்பி வந்த நாட்டைத் தவிர ஏனைய நாடுகளுக்குப் போவதற்கு வழங்கப்படுவது. இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அதில் போயிருந்தால், ஸ்பொன்சர் விண்ணப்பத்தையோ குடியுரிமை விண்ணப்பத்தையோ அனுப்புவதற்கு முன் அகதி வழக்குகள் நடத்தும் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள், ஏனென்றால் இரண்டு விண்ணப்பங்களும் உங்கள் பயணங்களை அதிகாரியின் முன் விரிக்கும்.

கடவுச்சீட்டுச் சிக்கல் இல்லையென்றால், குடியுரிமை விண்ணப்பத்தை இனியும் தள்ளிப் போடாதீர்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது நிறைந்திருக்கும். மொழித் தேவை, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசுவதிலும் கேட்பதிலும் கனடிய மொழி அளவுகோலின் 4 ஆம் நிலை. களஞ்சியத்தில் நாள்தோறும் மேற்பார்வையாளருடன் பேசி வேலை செய்பவருக்கு அது எட்டாத உயரம் அல்ல. சோதனைக் கேள்விகள் அனைத்தும் அரசு இலவசமாகத் தரும் ஒரே சிறு நூலிலிருந்து வருபவை. குடியுரிமை கிடைத்துவிட்டால், அகதி நிலை பற்றிய அந்த மனு உங்கள் வதிவுரிமையைத் தொட முடியாது. அம்மாவையும் பயமின்றிப் போய்ப் பார்க்கலாம். அதுவரை மனைவியைப் பார்க்க வேண்டும் என்றால் மீண்டும் இந்தியாவிலோ மூன்றாவது நாடொன்றிலோ சந்தியுங்கள்.

இனி மனைவியின் விண்ணப்பம். கணவன் மனைவியை அழைப்பதற்குக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்றும் இல்லை. நீங்கள் 18 வயது நிரம்பியவராக, கனடாவில் வாழ்பவராக, இயலாமைக்காக அன்றி வேறு காரணத்துக்காகச் சமூக உதவிப் பணம் பெறாதவராக, வங்குரோத்தில் இல்லாதவராக இருந்தால் போதும். மனைவிக்கும் மகளுக்கும் உள்ள இன்னொரு பெரிய நன்மை, அவர்களுக்கு ஒரு நோய் இருந்து அதன் சிகிச்சைச் செலவு கூடுதலாகும் என்ற காரணத்தால் மட்டும் அவர்களை மறுக்க முடியாது என்பது. அவர்களின் வாழ்க்கைச் செலவுக்கு நீங்களே பொறுப்பு என்று நீங்கள் கையொப்பமிடும் பொறுப்பேற்பு மனைவிக்கு 3 ஆண்டுகள். மகளுக்கு 10 ஆண்டுகள் அல்லது அவள் 25 வயதை அடையும் நாள், இவற்றில் எது முந்தியதோ அது.

வருமானம் தடையில்லை, திருமணம் உண்மையானது என்று அதிகாரியை நம்பவைப்பதுதான் இங்கே வேலை. இதை நான் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மணமாகி ஒரு பிள்ளையுடன் இருக்கும் பெண்ணை, முதன்முறையாக மணம் முடிக்கும் ஒருவர், உறவினர் பலர் இல்லாமல், இருவருடைய ஊரும் அல்லாத ஒரு நகரத்தில் மணந்திருக்கிறார். தமிழர் திருமணங்கள் எப்படி நடக்கும் என்று ஒரு அட்டவணையை மனதில் வைத்திருக்கும் அதிகாரிக்கு, இவை ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகத் தெரியும். அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். யார் இந்தச் சம்பந்தத்தைப் பேசினார்கள், முதல் திருமணம் பற்றியும் மகள் பற்றியும் உங்களுக்கு எப்போது சொன்னார்கள், உங்கள் அம்மா முதலில் என்ன சொன்னார், ஏன் திருச்சியைத் தேர்ந்தீர்கள், ஏன் யாழ்ப்பாணத்துக்கு நீங்கள் போக முடியவில்லை, இவற்றையெல்லாம் இருவரும் தனித்தனியே உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இருவர் எழுதியதும் ஒரே வாக்கியங்களாக இருந்தால், அது மூன்றாமவர் எழுதிக் கொடுத்தது என்று அதிகாரி உடனே கண்டுகொள்வார்.

சான்றுகளில் கல்யாணப் படத் தொகுப்புக்கு நம்மவர்கள் கொடுக்கும் மதிப்பை அதிகாரிகள் கொடுப்பதில்லை. இரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் தடயங்களையே அவர்கள் தேடுகிறார்கள். மகளின் பாடசாலைச் செலவுக்கு நீங்கள் அனுப்பிய பணம், காய்ச்சலில் அவள் படுத்திருந்தபோது வாட்ஸ்அப்பில் பேசிய அழைப்புகளின் பதிவு, உங்கள் வேலையிடக் காப்புறுதியிலும் வருமான வரிப் படிவத்திலும் மனைவியின் பெயர், இவை கனமானவை. 2023 ஆம் ஆண்டு வரிப் படிவத்தில் ‘மணமாகாதவர்’ என்றே விட்டிருந்தால் அதை இப்போதே திருத்துங்கள். பணத்தை உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் தனியார் கைமாற்றில், அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நம்மில் அநேகர் அப்படித்தான் அனுப்புகிறோம். உண்டியலுக்குப் பற்றுச்சீட்டுகூட மிஞ்சாது. இந்த மாதத்திலிருந்து மனைவியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, மாதம் தவறாமல் இருக்கட்டும்.

திருமணப் பதிவுச் சான்றிதழை எடுத்து ஒரு வரி ஒரு வரியாகப் பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயரின் இடத்தில் நிற்கும். தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதுவே ஒரு தலைப்பெழுத்தாகச் சுருங்கியிருக்கக்கூடும். சான்றிதழில் உள்ளவரும் கடவுச்சீட்டில் உள்ளவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி ஒன்று தேவைப்படலாம். மனைவியின் முந்திய நிலை ‘விவாகரத்தானவர்’ என்று பதியப்பட்டிருக்கிறதா என்பதையும், விவாகரத்தின் இறுதிக் கட்டளைத் தேதி உங்கள் திருமணத் தேதிக்கு முந்தியதா என்பதையும் பாருங்கள். இடைக்காலக் கட்டளை வந்ததுமே விவாகரத்து முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த திருமணம் செய்தவர்களின் கேஸ்கள் என்னிடம் வந்திருக்கின்றன. இறுதிக் கட்டளைக்கு முன் நடந்த திருமணம் செல்லாது, மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருக்கும் துணைக்கான விண்ணப்பம் மறுக்கப்பட்டால், நீங்கள் மறுப்புக் கடிதம் பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் முறையிடலாம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லப்போவது உங்களுக்கு வருத்தம் தரும். பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும் திட்டத்தில் விரும்பியவர் விரும்பியபோது விண்ணப்பிக்க முடியாது. முதலில் விருப்பப் படிவம் கொடுத்து, குலுக்கலில் பெயர் வந்து, அழைப்புக் கிடைத்தவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அந்த விருப்பப் படிவம் 2020 அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை திறந்திருந்தது. அதற்குப் பின் 2021 தொடங்கி 2025 வரை அனுப்பப்பட்ட அழைப்புகள் எல்லாம் அந்த ஒரே பட்டியலில் இருந்தவர்களுக்கே போயின. நீங்கள் 2020 இல் படிவம் கொடுத்திருந்தால், அன்று பதிந்த மின்னஞ்சல் முகவரி இன்னும் இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். உறுதி எண்ணைத் தேடி எடுத்து வையுங்கள். கொடுக்கவில்லை என்றால், புதிய படிவம் திறக்கும்வரை உங்களுக்காக எவரும் எதுவும் செய்ய முடியாது. பணம் தந்தால் பட்டியலில் சேர்க்கிறேன் என்பவர் பொய் சொல்கிறார்.

வாய்ப்பு வரும் நாளுக்காக வருமானத்தை ஆயத்தப்படுத்தலாம். பெற்றோரை அழைக்கத் தொடர்ந்து 3 வரி ஆண்டுகள் குறிப்பிட்ட வருமானம் காட்ட வேண்டும். உங்கள் குடும்பக் கணக்கில் நீங்கள், மனைவி, மகள், அம்மா என்று 4 பேர். 4 பேருக்கான தொகை 2022 ஆம் வரி ஆண்டுக்கு 64,306 டொலர், 2023 க்கு 66,466 டொலர். உங்கள் 58,000 அதற்குப் போதாது. ஆனால் மனைவி வந்து வேலைக்குப் போனபின் அவர் இணைந்து கையொப்பமிட்டால் இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். அதனால் மனைவியின் கேஸை முதலில் முடிப்பது அம்மாவின் கேஸுக்கும் அடித்தளம். காசாகப் பெறும் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. வரித் திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தலில் உள்ள எண்ணையே பார்ப்பார்கள்.

கியூபெக்குக்கு வெளியே பெற்றோருக்கான பொறுப்பேற்பு 20 ஆண்டுகள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் அவர் சமூக உதவிப் பணம் பெற்றால் மாகாண அரசு அதை உங்களிடம் அறவிடும். வேலை போனாலும், குடும்பம் பிரிந்தாலும் அந்தக் கடன் நீங்காது. 2011 இல் மாவி வழக்கில் ஸ்பொன்சர் செய்த எட்டுப் பேர் தங்கள் நிலையை எடுத்துச் சொன்னபோது, உச்ச நீதிமன்றம் அரசு நியாயமான முறையில் அவர்களின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், தவணை தரலாம் என்றது. கடன் இல்லை என்று சொல்லவில்லை.

இப்போதைக்கு அம்மாவுக்கு உள்ள வழி, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசா. இது வதிவுரிமை அல்ல. ஆனாலும் 10 ஆண்டுகள் வரை செல்லுபடியாகும் இந்த விசாவில், 2022 ஜூலை 4 முதல் ஒருமுறை வந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். குறைந்தது 100,000 டொலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். காப்புறுதி நிறுவனம் தரும் விலைக் கணிப்பை மட்டும் காட்டினால் போதாது, பணம் கட்டிய சான்று வேண்டும். வருமானத் தேவை மேலே சொன்ன தொகைகளில் இருக்கும் 30 வீதக் கூடுதல் இல்லாத அளவு. அது ஆண்டுதோறும் கூடுவதால், உங்கள் 58,000 அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். காப்புறுதிக் கட்டணம் அம்மாவின் உடல்நிலையைப் பொறுத்துக் கடுமையாக மாறும். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால் அதை மறைக்காமல் சொல்லி விலை கேளுங்கள், மறைத்து எடுத்த காப்புறுதி ஆஸ்பத்திரிக் கட்டணம் வரும் நாளில் கைகொடுக்காது.

அம்மாவின் படிவங்களில் அப்பாவைப் பற்றி எழுதும் இடம் வரும். அந்தக் கட்டத்துக்கு முன் எத்தனை தாய்மார் பேனையைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ‘விதவை’ என்று எழுதினால் வேகமாகப் போகும் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லக்கூடும். அம்மா அப்படி எழுத விரும்பவில்லை என்றால், எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இலங்கையில் 2010 ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டபின், மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைக் குடும்பம் பெற முடிகிறது. அதையும், கிராம அலுவலரின் கடிதத்தையும், அன்று கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையும் வைத்து, 2009 இலிருந்து அவரைப் பற்றித் தகவல் இல்லை என்று உள்ளபடி எழுதலாம். நீங்கள் உங்கள் அகதிக் கோரிக்கையில் அப்பாவைப் பற்றி என்ன சொன்னீர்களோ, அதற்கும் இதற்கும் முரண்பாடு இருக்கக் கூடாது என்பதே அதிகாரிக்கு முக்கியம். பத்தாண்டுக்கு முன் மொழிபெயர்ப்பாளர் என்ன எழுதினார் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. ஆகவே எந்தப் புதிய படிவத்தையும் நிரப்புவதற்கு முன், குடிவரவுத் திணைக்களத்திடமிருந்து உங்கள் பழைய கோப்பின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். மனைவியின் கேஸுக்கும் அந்தப் பிரதி தேவைப்படும்.

தம்பியை நீங்கள் நேரடியாக ஸ்பொன்சர் செய்ய முடியாது. சகோதரரை அழைக்கும் விதி தாய் தந்தை இருவரையும் இழந்த, 18 வயதுக்குக் குறைந்த, மணமாகாதவர்களுக்கு உரியது. கனடாவில் ஒருவருமே இல்லாதவர் தன் உறவினர் ஒருவரை அழைக்கலாம் என்ற விதியும் உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் நீங்கள் அழைக்கக்கூடிய மனைவியும் தாயும் இருக்கிறார்கள். அம்மாவின் விண்ணப்பத்தில் அவர் சேர வேண்டுமானால், அந்த விண்ணப்பம் திணைக்களத்துக்கு முழுமையாகப் போய்ச் சேரும் நாளில் அவர் 22 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும். அம்மாவுக்கே அழைப்பு இல்லாத நிலையில் மார்கழிக்குள் அது நடக்காது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை என்றால் வயது கடந்தாலும் சேரலாம் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அந்த விதி 2014 ஆகஸ்ட் 1 உடன் போய்விட்டது. தம்பி தன் கல்வியாலும் தொழிலாலும், புள்ளிகள் அடிப்படையில் திறமையாளர்களைத் தெரிவு செய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் முயலலாம், அங்கே கனடாவில் வதிவுரிமையுள்ள சகோதரர் இருப்பதற்கு 15 மேலதிகப் புள்ளிகள் உண்டு. அவருடைய ஆங்கிலத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் இன்று செலவழிக்கும் பணம் வீணாகாது.

கடைசியாக அந்த 9,000 டொலர். 2024 ஏப்ரல் 30 இல் உயர்த்தப்பட்ட அளவின்படி மனைவிக்கான அரசுக் கட்டணம் 1,205 டொலர், உடன்வரும் மகளுக்கு 175 டொலர். இக்கட்டணங்கள் அவ்வப்போது உயர்வதால் கட்டும் நாளில் சரிபாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல, மாகாணச் சட்டச் சங்கத்தில் பதிந்த சட்டத்தரணிகளுக்கும் உதவிச் சட்டத்தரணிகளுக்கும், கியூபெக் நொத்தாரிசுகளுக்கும், குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர்களுக்கும் மட்டுமே அனுமதி உண்டு. அந்தக் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் முகவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் தன் பெயரைப் பிரதிநிதியாகப் போட மறுப்பவரிடம் உங்கள் ஆவணங்களின் மூலப் பிரதிகளைக் கொடுக்காதீர்கள்; கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டுதான். பழைய கோப்பின் பிரதிக்கு விண்ணப்பம் போடுங்கள். இன்றிரவு மனைவியுடன் கதைக்கும்போது, மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் விவாகரத்துக் கட்டளையையும் வெளிச்சத்தில் வைத்து, எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதுகாவல் பற்றி அதில் எழுதியிருக்கும் அந்த ஒரு பந்தியைப் பார்த்தால்தான், நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று உங்களுக்குச் சொல்ல முடியும்.